புகை வந்தா ரிங்கு போச்சுன்னு அர்த்தமா?

டீசல் வண்டி வச்சிருக்கவங்க எல்லாரும் இந்த சோதனையைப் பாத்திருப்பீங்க. என்ஜின் ஓடிக்கிட்டு இருக்கும்போதே ஆயில் கேப்பைக் கழட்டுவாங்க, உள்ளேர்ந்து குபுகுபுன்னு புகை வரும், உள்ளங்கையால ஒரு தடவை மூடி எடுப்பாங்க, கையெல்லாம் ஆயில் தெறிச்சிருக்கும், அவ்வளவுதான், "பேக் கம்ப்ரஷன் அடிக்குது, ரிங்கு போச்சு, என்ஜினை இறக்கிடுங்க"ன்னு சொல்லிடுவாங்க. ரிங்குங்கறது பிஸ்டனைச் சுத்தி இருக்குற வளையம், மேல எரியற புகை கீழ எறங்காம தடுக்கறது; அது தேஞ்சு புகை கீழ எறங்குறதைத்தான் பேக் கம்ப்ரஷன்னு சொல்றாங்க. இந்த சோதனைக்கு அரை நிமிஷம் கூட ஆகாது. ஆனா அந்த அரை நிமிஷத்துக்குப் பின்னாடி லைனர், பிஸ்டன், ரிங் செட்டு, பேரிங்கு, லேத் பட்டறை கூலின்னு ஒரு போக வெள்ளாமைப் பணம் போயிடுது. எங்க பக்கம் இதுக்காக நகையை அடகு வச்சவங்களை எனக்குத் தெரியும். அடகு வச்சு வேலை பாத்துட்டு, கொஞ்ச நாள்லயே பழையபடி ஆயில் ஒழுகுதுன்னு அதே பட்டறை வாசல்ல நிக்கிறவங்களையும் தெரியும். அதனாலதான் இதைப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல கெடந்துச்சு.

நான் சொல்ற வண்டி எங்க சித்தப்பாவோடது. 2.5 லிட்டர் டைரக்ட் இன்ஜெக்ஷன் டர்போ (டர்போங்கறது வெளிய போற புகையால சுத்தி என்ஜினுக்குள்ள காத்தை அமுக்கித் தள்ளுற சாமான்), கம்ப்யூட்டர் கிம்ப்யூட்டர் எதுவும் கெடையாது, மெக்கானிக்கல் பம்புதான். ஊரு மன்னார்குடி பக்கம். வெத நெல்லு, உர மூட்டை, நடவு ஆளுங்க, கல்யாணம் காதுகுத்து எல்லாத்துக்கும் அதே வண்டிதான். நம்ம டெல்டாவுல ஒரு வண்டி எப்படி ஓடுதுன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. மேடே கெடையாது, பாலம் ஏறுற எடத்தைத் தவிர என்ஜினுக்கு இழுவைன்னு ஒண்ணு வராது. ஆத்தங்கரை ரோட்டுல 40ல போவோம், நீடாமங்கலம் ரயில்வே கேட்டுல மாட்டுனா நிப்போம், கொள்முதல் நிலையத்துல செல்ஃப் எடுக்காம போயிடுமோன்னு பயந்து ஸ்டார்ட்டிங்லயே போட்டு வச்சிருப்போம். இப்படி லோடு இல்லாமலே ஓடுறது டர்போ டீசலுக்கு ஆகாது. உள்ள சூடு பத்தாம ரிங்கு பள்ளத்துல கரி அடையும், ஆயில் நிக்கறதுக்காக லைனர்ல, அதாவது பிஸ்டன் ஏறி எறங்குற குழாய்ல, போட்டிருக்குற குறுக்குக் கோடு மேல கறை படிஞ்சு வழுவழுன்னு ஆயிடும். அறுவடை சமயத்துல ரோடு முழுக்க நெல்லு காயும், பதரும் வைக்கோல் தூசியும் ஏர் ஃபில்டரை அடைக்கும். அதனால ரிங்கு போச்சுன்னு ஒருத்தர் சொன்னா எங்க ஊருல யாருக்கும் சந்தேகமே வராது. நடக்கக்கூடிய விஷயம்தான் அது. நடந்திருக்கான்னு பாக்கறது வேற வேலை, அந்த வேலையைத்தான் யாரும் செய்யறதில்ல.

வண்டியில ஆயில் ஒழுக ஆரம்பிச்சது டாப்பெட் கவர் (என்ஜின் உச்சியில இருக்குற மூடி) பேக்கிங்ல. மாத்துனாங்க. அப்புறம் கியர் பாக்ஸும் என்ஜினும் சேர்ற எடத்துல சொட்டுச்சு, பேக் ஆயில் சீல்னாங்க, கியர் பாக்ஸை இறக்கி மாத்துனாங்க, கொஞ்ச நாள் காஞ்சு கெடந்துச்சு, அப்புறம் மறுபடி அதே சொட்டு. மாத்துன சீல் டூப்ளிகேட்டுன்னு இன்னொரு பட்டறையில சொன்னாங்க, அங்க ஒரு சீல் போட்டாங்க, அதுவும் ஒழுகுச்சு. இதுக்கு நடுவுல, டர்போ தள்ளுற காத்தைக் குளிர வைக்கிற இன்டர்கூலரோட ஹோஸைக் கழட்டிப் பாத்து உள்ள ஆயில் இருக்குன்னு டர்போவும் போச்சுன்னாங்க. கடைசியா நான் சொன்ன அந்த கை வைக்கிற சோதனை, என்ஜினை இறக்கிடுங்க. சித்தப்பா வீட்டுக்கு வந்து திண்ணையில ஒக்காந்து, "வித்துரலாம்டா தம்பி, எடைக்குப் போனாலும் போவட்டும்"னாரு. அவரு அந்த வண்டியை எவ்வளவு பாத்துப் பாத்து வச்சிருந்தாருன்னு எனக்குத் தெரியும். அதைக் கேட்டதும் எனக்கு மனசே சரியில்ல.

எங்க ஒழுகுதுங்கறதும் ஏன் ஒழுகுதுங்கறதும்

இது ரெண்டும் வேற வேற கேள்வி. எங்கன்னு கண்டுபிடிக்கறது கஷ்டமில்ல, பொறுமைதான் வேணும். டீசல் போட்டு பிரஷ்ஷால என்ஜினை முழுசா கழுவி, நல்லா காயவிட்டு, சந்தேகப்படுற எடத்துல எல்லாம் முகத்துக்குப் போடுற பவுடரைத் தூவிட்டு, ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து டார்ச் அடிச்சுப் பாக்கணும். ஆயில் கீழ வழியும், ஃபேன் காத்துல பின்பக்கமா பரவும், அதனால சொட்டுற எடத்தைப் பாக்கவே கூடாது, ஈரம் இருக்குறதுலயே மேல எது, முன்னாடி எதுன்னு பாக்கணும். சேம்பர் (என்ஜினுக்கு அடியில ஆயில் நிக்குற தொட்டி) பேக்கிங் போச்சுன்னு சேம்பரை இறக்குற நெறைய வண்டியில ஒழுகல் அதுக்கு மேலதான் இருக்கும், டாப்பெட் கவர் பின் மூலையிலயோ ஆயில் பிரஷர் ஸ்விட்ச்லயோ டர்போ ரிட்டன் பைப் பேக்கிங்லயோ. கியர் பாக்ஸ் பக்கம் சொட்டுச்சுன்னா விரல்ல தொட்டு மோந்து பாருங்க, கியர் ஆயிலுக்கு கந்தக வாடை உண்டு, டீசல் என்ஜின் ஆயில் கருப்பா இருக்கும். இதுல குழம்பி ஒண்ணுக்கு ஒண்ணு மாத்துன கதை நெறைய இருக்கு. ஆயில் லெவல் குறையறதுக்குப் பதிலா ஏறுதுன்னா அது தனி விஷயம், ஃபீட் பம்ப் டயஃப்ரமோ இன்ஜெக்டர் லைனோ டீசலை உள்ள விடுது, நீத்துப்போன ஆயில் எல்லா சந்துலயும் வழியும், அப்படியே ஓட்டுனா பேரிங்கும் போயிடும்.

ஏன் ஒழுகுதுங்கறதுதான் பெரிய கேள்வி. ஒரே சமயத்துல மேல ஒரு பேக்கிங், பின்னாடி ஒரு சீல், முன்னாடி ஒரு சீல்னு மூணு எடத்துல ஒழுகுதுன்னா மூணும் ஒண்ணா கெட்டுப்போச்சுன்னு நெனைக்கறதைவிட உள்ள பிரஷர் ஏறியிருக்குன்னு நெனைக்கறதுதான் நியாயம். கிராங்க் ஓடுற எடத்துல பிரஷரே இருக்கக் கூடாதுன்னு இல்ல, எந்த ரிங்குலயும் வாய் சேர்ற எடத்துல ஒரு இடைவெளி உண்டு, அது வழியா கொஞ்சம் புகை கீழ எறங்கத்தான் செய்யும், புது என்ஜினுக்கும் உண்டு, டர்போ வச்சா இன்னும் கொஞ்சம் கூடும். அது வெளிய போறதுக்குத்தான் டாப்பெட் கவர்லேர்ந்து பிரீதர் ஹோஸ். ரொம்பப் பழைய வண்டிங்கள்ல அது சும்மா கீழ தொங்கும், அப்புறம் வந்ததுல ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவுல கொண்டுபோய் சேத்திருப்பாங்க. ஆயில் கேப்பைக் கழட்டுனா புகை வர்றதுக்குக் காரணமே அந்தப் புகை இருக்கத்தான் செய்யும்ங்கறதுதான். எவ்வளவு வருது, எங்கேர்ந்து வருது, போற வழி தொறந்திருக்கா, இந்த மூணையும் உள்ளங்கை சொல்லாது.

டர்போ விஷயமும் இங்கதான் வந்து சேருது. டர்போவோட ஷாஃப்ட்டு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுத்துக்கு மேல சுத்துற சாமான், அதுல நம்ம நெனைக்கிற மாதிரி ரப்பர் சீல் கெடையாது, சின்ன பிஸ்டன் ரிங்கு மாதிரி ஒரு வளையம்தான். அதுக்கு வர்ற ஆயில் பிரஷரோட உள்ள போகும், வெளிய வரும்போது எந்தத் தள்ளலும் இல்லாம தானா வழிஞ்சு சேம்பருக்கு எறங்கணும். சேம்பர்ல பிரஷர் இருந்தா அது எறங்காது, வடிகால் அடைச்ச வயல்ல தண்ணி கட்டுற மாதிரி டர்போவுக்குள்ளயே ஆயில் கட்டி நிக்கும், அப்புறம் அந்த வளையத்தைத் தாண்டி இன்டர்கூலர் பக்கமோ சைலன்சர் பக்கமோ போகும். அந்த வண்டிக்குப் புது டர்போ போட்டாலும் அதுவும் ஆயில் தள்ளும். இன்டர்கூலர் ஹோஸ்ல ஆயில் இருந்தாலே டர்போ போச்சுன்னு சொல்றவங்க, டர்போவுக்கு முன்னாடி, ஏர் ஃபில்டர் பக்கம் இருக்குற ஹோஸையும் கழட்டி விரலை விட்டுப் பாத்தாங்களான்னு கேளுங்க. அங்கயே ஈரமா இருந்தா அது பிரீதர் வழியா வர்ற ஆயில். முன்னாடி காஞ்சு இருந்து பின்னாடி மட்டும் ஈரமா இருந்தாதான் டர்போவைச் சந்தேகப்படணும். எங்க வண்டியில முன்னாடியே சொதசொதன்னு இருந்துச்சு. இதுல இன்னொரு ஆபத்தும் இருக்கு, ஆயில் அதிகமா போனா என்ஜின் அந்த ஆயிலையே எரிச்சு தானா ரேஸ் ஆகும், சாவியை எடுத்தாலும் நிக்காது. அப்படி ஆச்சுன்னா டாப் கியரைப் போட்டு பிரேக்கை அழுத்தி மிதிச்சுக்கிட்டு கிளட்ச்சை விட்டு நிறுத்தப் பாக்கணும், ஏர் இன்டேக் வாயில கையைக் கொண்டு போயிடாதீங்க.

"பிரேக் எப்படிப்பா இருக்கு?"

கும்பகோணத்துல ஒரு பெரியவர் இருக்காரு, பஸ்ஸு லாரி வேலைதான் பாப்பாரு, சின்ன வண்டி எடுக்க மாட்டாரு. தெரிஞ்சவர் ஒருத்தர் சொல்லி சித்தப்பாவும் நானும் வண்டியை அங்க கொண்டு போனோம். பானட்டைத் தொறந்தாரு, ஸ்டார்ட் பண்ணச் சொன்னாரு, ஆயில் கேப்பைத் தொடவே இல்ல. "பிரேக் எப்படிப்பா இருக்கு?"ன்னு கேட்டாரு. நான் "அண்ணே, ஆயில் ஒழுகுதுன்னு வந்திருக்கோம்"னேன். "அது தெரியுது. பிரேக் கொஞ்சம் கட்டையா இருக்கா, பெடல் கிட்ட உஸ்ஸுன்னு சத்தம் வருதான்னு கேக்குறேன்"னாரு. சித்தப்பா உடனே, "ஆமாங்க, கொஞ்ச நாளா கட்டையாத்தான் இருக்கு, லைனிங் தேஞ்சிருக்கும்னு நெனச்சேன்"னாரு. அவரு தலையை ஆட்டிட்டு உள்ள போய் ஒரு பழைய ஆயில் கேப்பை எடுத்துட்டு வந்தாரு, அதுல நடுவுல ஓட்டை போட்டு ஒரு நிப்பிள் வச்சிருந்துச்சு. கூடவே கொத்தனார் மட்டம் பாக்குற லெவல் டியூப்.

அந்த டியூபை ஒரு பலகையில யூ மாதிரி வளைச்சு கம்பியால கட்டியிருந்தாரு, பாதி வரைக்கும் தண்ணி, தண்ணி தெரியறதுக்கு துளி நீலம் கலந்திருந்தாரு. வண்டியில கேப்பை மாத்திப் போட்டு டியூபோட ஒரு முனையை அந்த நிப்பிள்ல மாட்டுனாரு, இன்னொரு முனை தொறந்தே இருந்துச்சு. என்ஜின் ஐட்லிங்ல ஓடுது. ஒரு பக்கம் தண்ணி எறங்கி மறு பக்கம் ஏறி, ரெண்டு மட்டத்துக்கும் நடுவுல ஒரு சாணுக்கு வித்தியாசம் காட்டி நடுங்கிக்கிட்டே நின்னுச்சு. ஒரு பிஎஸ்ஐன்னா (டயருக்குக் காத்து புடிக்கிற அதே அளவு) சுமார் 70 சென்டிமீட்டர் தண்ணி. அப்ப இந்த ஒரு சாண் தண்ணிங்கறது சாதாரண பிரஷர் கேஜ்ல முள்ளு அசையவே அசையாத அளவு, ஆனா வயசான சீலையும் டர்போ ரிட்டனையும் கெடுக்கறதுக்கு அதுவே போதும். அந்தப் பெரியவர் டைனமோவுக்குப் பின்னாடி கையை விட்டு, பிரேக் பூஸ்டருக்கு (காத்தை உறிஞ்சி எடுத்த வெற்றிடத்தால மிதியை லேசாக்குற டப்பா) போற வேக்கம் ஹோஸை ஒரு துணியைச் சுத்தி பிளையரால நசுக்கிப் பிடிச்சாரு. நான் பலகையையே பாத்துக்கிட்டு இருந்தேன். கொஞ்ச நேரத்துல தண்ணி தானா எறங்க ஆரம்பிச்சு, நாலு விரக்கடைக்கு வந்து நின்னுச்சு. பிளையரை விட்டாரு, மறுபடி ஏறிடுச்சு. திருப்பியும் நசுக்குனாரு, எறங்குச்சு. சித்தப்பா வாயைத் தொறந்தபடி நின்னாரு.

பெட்ரோல் வண்டியில பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வேக்கம் இன்டேக்லேர்ந்தே கெடைச்சிடும், டீசல்ல அது கெடையாது, அதனால தனியா ஒரு வேக்கம் பம்பு வைக்கணும். இந்த மாதிரி பழைய என்ஜின்ல அது டைனமோவோட முதுகுல ஒக்காந்திருக்கும். என்ஜின் ஆயில்தான் அதுக்கும் ஆயில், பூஸ்டர்லேர்ந்து இழுக்குற காத்தை அந்த ஆயிலோட சேத்து ரிட்டன் பைப்பு வழியா என்ஜினுக்குள்ளயேதான் தள்ளும். பூஸ்டர் நல்லா இருந்தா ஒரு தடவை இழுத்து முடிச்சதும் இழுக்கறதுக்குக் காத்து இருக்காது, பம்பு சும்மா சுத்தும். பூஸ்டருக்குள்ள இருக்குற வால்வு சரியா ஒக்காரலன்னா பெடல்ல கால் வைக்காதப்பக் கூட காத்து உள்ள வந்துக்கிட்டே இருக்கும், பம்பும் அதை நாள் முழுக்க என்ஜினுக்குள்ள எறக்கிக்கிட்டே இருக்கும். எங்க வண்டியில இதுதான் நடந்திருக்கு. ரிங்கு வழியா எறங்குறதா நெனச்ச காத்துல பெரும்பகுதி கேபினுக்குள்ள பெடல் கிட்டேர்ந்து போன காத்து. பெரியவர் ஏன் முதல்ல பிரேக்கைக் கேட்டாருன்னா, லாரியில ஏர் பிரேக்குக்கு இருக்குற கம்ப்ரஸரும் தேஞ்சா இதே வேலையைச் செய்யும், காத்தை என்ஜினுக்குள்ள தள்ளும். கம்ப்ரஸரைப் பாக்காம லாரி என்ஜினை இறக்குனவங்களை அவரு நெறைய பாத்திருக்காரு.

மிச்சம் இருந்த நாலு விரக்கடைக்கும் காரணம் தேடுனாரு. பிரீதர் ஹோஸைக் கழட்டி ஊதச் சொன்னாரு, ஊதுனேன், மூச்சு முட்டுச்சு. டாப்பெட் கவருக்குள்ள பிரீதர் வாய்க்குக் கீழ ஒரு கம்பி வலை இருக்கும், ஆயிலைத் தடுத்துப் புகையை மட்டும் விடறதுக்கு, அது முழுக்க கருப்பு ஜாம் மாதிரி அடைஞ்சு கெடந்துச்சு. டீசல்ல ஊறப் போட்டு, காத்து அடிச்சு, ஹோஸை மாத்திட்டு மறுபடி டியூபை மாட்டுனோம். வேக்கம் ஹோஸை நசுக்கிப் பாத்தா தண்ணி ஒரு விரக்கடைக்கு மேல போகல. அந்த ஒரு விரக்கடைதான் ரிங்கு வழியா நிஜமா எறங்குறது. ரேஸ் பண்ணாக் கூட பெருசா ஏறல. அப்புறம் பூஸ்டரை மாத்துனதும் நசுக்காமலே அதே அளவு. கியர் பாக்ஸை இறக்கல, டர்போவைத் தொடல, டாப்பெட் கவரைத் தவிர என்ஜின்ல ஒரு போல்ட்டைக் கூட லூஸ் பண்ணல.

எனக்குக் கோவமே அன்னைக்குதான் வந்துச்சு. கெட்டுப் போயிருந்தது பிரேக். நிஜமாவே ஆபத்தா இருந்தது அதுதான், அதுலதான் சித்தப்பா குடும்பத்தோட வேளாங்கண்ணி வரைக்கும் போயிட்டு வந்திருக்காரு. ஆயில் சொட்டைப் பாத்த அத்தனை பேரும் பெடலை ஒரு தடவை மிதிச்சுப் பாக்கல. அந்த சோதனைக்குக் கருவியே வேணாம், என்ஜினை நிறுத்திட்டு பெடலை நாலஞ்சு தடவை மிதிச்சு கட்டையாக்குங்க, மிதிச்சபடியே ஸ்டார்ட் பண்ணுங்க, கால் கொஞ்சம் கீழ எறங்கணும். அப்புறம் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்திட்டு, சில நிமிஷம் கழிச்சு மிதிச்சா அப்பவும் ரெண்டு மூணு மிதி கஷ்டமில்லாம லேசா எறங்கணும். முதல் மிதியே கட்டையா இருந்தா எங்கயோ காத்து போகுது. ஆயில் ஒழுகலோ இல்லையோ, பழைய டீசல் வச்சிருக்கவங்க இதை இன்னைக்கே செஞ்சு பாருங்க.

நிஜமாவே ரிங்கு போனா

எல்லாத்துக்கும் பூஸ்டர்தான்னு நான் சொல்ல வரல. அந்தப் பெரியவர் கிட்ட பாத்ததுக்கு அப்புறம் நானும் ஒரு கேப்பு, ஒரு பலகை, ஒரு டியூபு பண்ணி வச்சுக்கிட்டேன், தெரிஞ்சவங்க வண்டிக்குப் போட்டுப் பாக்குறது உண்டு. வலங்கைமான் பக்கம் ஒருத்தரோட லோடு வண்டிக்குப் போட்டப்ப வேக்கம் ஹோஸை நசுக்கியும் ஏறி நின்ன தண்ணி எறங்கல. பிரீதரும் சுத்தமா இருந்துச்சு. அடுத்தது டர்போ, ஏன்னா தேஞ்சுபோன டர்போவும் பூஸ்ட் காத்தையும் சைலன்சர் புகையையும் ரிட்டன் பைப்பு வழியா சேம்பருக்குள்ள விடும். அதைத் தனியாப் பிரிச்சுப் பாக்க, ரிட்டன் பைப்பை சேம்பர்லேர்ந்து எடுத்து ஒரு டின்னுக்குள்ள விட்டுட்டு, சேம்பர் ஓட்டையை அடைச்சுட்டு, கொஞ்ச நேரம் மட்டும் ஓட்டிப் பாத்தோம், ஆயில் லெவல் குறையும்ங்கறதால கண்ணை எடுக்காம பாக்கணும் இதை. அப்பவும் தண்ணி அப்படியேதான். அதுக்கு அப்புறம்தான், சிலிண்டருக்குள்ள காத்து எவ்வளவு அமுங்குதுன்னு காட்டுற கம்ப்ரஷன் கேஜ் வச்சோம். நல்லா இருக்குற டீசலுக்கு சிலிண்டருக்கு 400 பிஎஸ்ஐ சுத்தி வரணும், மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும், எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கிட்டத்தட்ட ஒத்துப் போகணும். அதுல ஒரு சிலிண்டர் ரொம்பக் கீழ கெடந்துச்சு. குறைஞ்ச சிலிண்டர்ல ஆயில் ஊத்தி மறுபடி அடிச்சுப் பாக்குறது பெட்ரோலுக்கு சரி, டீசல்ல மேல எடமே கம்மிங்கறதால அந்த ஆயிலே அளவை ஏத்திக் காட்டிடும், கூட ஊத்துனா கனெக்டிங் ராடே வளைஞ்சிடும், அதைச் செய்ய வேணாம். பதிலா அந்த சிலிண்டருக்குள்ள காத்து ஏத்தி, எங்க சத்தம் வருதுன்னு காதை வச்சுக் கேட்டோம். சைலன்சர்ல இல்ல, ரேடியேட்டர்ல குமிழி இல்ல, ஆயில் கேப்புலதான் கேட்டுச்சு, அதாவது காத்து ரிங்கைத் தாண்டிக் கீழ எறங்குது.

என்ஜினை இறக்குனாங்க, இறக்கித்தான் ஆகணும். ரிங்கு ஓரம் பிளேடு மாதிரி தேஞ்சிருந்துச்சு, லைனர் மேல்பக்கம் விரல் நகம் மாட்டுற அளவுக்கு வரம்பு விழுந்திருந்துச்சு. ஏர் ஃபில்டர் பெட்டியில ஒரு கிளிப்பு ஒடைஞ்சு, அந்த சந்து வழியா தூசி நேரா உள்ள போயிருக்கு, ஹோஸ் உள்பக்கத்துல விரலை விட்டா மாவு மாதிரி ஒட்டுச்சு. அந்த கிளிப்பை சரி பண்ணாம புது ரிங்கு போட்டிருந்தா அதுவும் அடுத்த அறுவடையைத் தாண்டாது. அவரு செலவு பண்ணாரு, ஆனா எதுக்கு செலவு பண்றோம்னு தெரிஞ்சு பண்ணாரு. பட்டறைக்காரங்களையும் நான் ஒரேயடியா குறை சொல்ல மாட்டேன், ஒரு மணி நேரம் அளந்து பாத்ததுக்குக் கூலி கேட்டா நாமதான் "சும்மா பாத்ததுக்கு என்ன காசு"ன்னு கேக்குறோம். பாக்குறதுக்குக் காசு குடுக்காத ஊருல கழட்டுறதுக்குத்தான் காசு வாங்குவாங்க.

சித்தப்பா வண்டியில இப்ப டாப்பெட் கவர் காஞ்சு இருக்கு, டர்போவுக்கு முன்னாடி ஹோஸும் தொடச்சு விட்டபடியே இருக்கு. பேக் ஆயில் சீல்ல மட்டும் லேசா ஒரு கசிவு, வண்டி ராத்திரி முழுக்க நின்னா தரையில ஒரு பொட்டு விழும். பிரஷர் இருந்தப்ப சீல் உதடு கெட்டிருக்கும்னு நெனைக்கிறேன். அடுத்து கிளட்ச் மாத்த கியர் பாக்ஸை எப்படியும் இறக்கணும், அப்ப சேத்து மாத்திக்கலாம்னு இருக்கோம், அதுவரைக்கும் வாரம் ஒரு தடவை ஆயில் லெவல் பாத்தா போதும். டியூபு செஞ்சு பாக்குறவங்களுக்கு ஒரு விஷயம், டிப் ஸ்டிக் (ஆயில் அளவு பாக்குற குச்சி) ஓட்டையில மாட்டாதீங்க, சில என்ஜின்ல அந்தக் குழாய் ஆயிலுக்குள்ள முங்கி இருக்கும், அளவு தப்பாக் காட்டும். ஆயில் கேப்புலயே மாட்டுங்க, ரெண்டு மட்டத்துக்கும் உள்ள மொத்த வித்தியாசத்தைப் பாருங்க, வேக்கம் ஹோஸை நசுக்கும்போது வண்டி நியூட்ரல்ல ஹேண்ட் பிரேக்கோட கட்டை போட்டு நிக்கட்டும், நசுக்குனபடி ஒரு அடி கூட நகத்தாதீங்க.